மூன்றாம் மாடிக்குப் போன கடல்

அவள் கணவனுக்குத் தம்பிகள் மூன்று பேர், தங்கை ஒருத்தி. கல்யாணமான நாளிலிருந்து நாலு பேரும் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில் அந்தப் பெயர் தெருவுக்குப் பரவி, அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையிலும் ஒட்டிக்கொண்டது. பார்வை அளவெடுக்க வருகிற எழுபது வயதுக்காரர்கூட, "அண்ணி, இந்த எழுத்து ரெண்டா தெரியுதே" என்பார். அவளும் மறுப்பதில்லை.

கணவன் சரக்குக் கப்பலில் என்ஜினியர். வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பான். மிச்ச மூன்று மாதமும் அவனுக்குக் கடல் இல்லாமல் முடியாது போல, ஹாலில் ஐந்தடி நீளத்துக்கு ஒரு உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தான். நானூறு லிட்டர். உள்ளே குகை குகையாகப் பாறைகள், அவற்றின் மேல் ஊதாவும் பச்சையுமாக வளர்கிற பவளங்கள், விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டிருக்கும் கடல் சாமந்தி ஒன்று, அதற்குள் குடித்தனம் நடத்தும் கோமாளி மீன் ஜோடி. எல்லாமாகப் பதினோரு மீன்கள்.

தொட்டி வந்த புதிதில் அண்ணி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். போனில் அவன் முதலில் விசாரிப்பது அவளையா மீனையா என்று எண்ணிப் பார்த்த காலமும் உண்டு. ஆனால் கட்டிக்கொண்டவன் கப்பலில் இருந்தால் சக்களத்திக்குச் சோறு போடுவது யார்? எட்டு வருஷமாக அவள்தான் உப்பு அளந்தாள், வற்றிய தண்ணீரை நிரப்பினாள், கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டினாள். அதில் அவளுக்குச் செல்லம், மணலுக்குள் வளை தோண்டி வாழ்ந்த ஒரு இறால். சுண்டுவிரல் நீளம்தான். ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. அதைச் சொடுக்கினால் பக்கத்து அறை வரை கேட்கும். அதற்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. வளை வாசலில் ஒரு சின்ன மீன் காவலுக்கு நிற்கும், இறால் தன் மீசையை அந்த மீன்மேல் வைத்தபடியேதான் வெளியே வரும். "ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறேன், உனக்குப் போட முடியலியே" என்று அண்ணி அதனிடம் சொல்வதுண்டு.

குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். வேறு வீடு பார்த்தாயிற்று. வண்டியில் முக்கால் மணி நேரம், மூன்றாம் மாடி. எல்லா விவரத்தையும் கப்பலுக்கு எழுதினாள். மறுநாள் பதில் வந்தது. வீடு நன்றாக இருக்கிறதாம். தொட்டியை மீன்கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டுமாம். போனால் போகிறதாம்.

அண்ணி அதை மூன்று தரம் படித்தாள். இந்தச் சனியனை என்றைக்காவது சாக்கடையில் கொட்டுகிறேன் பார் என்று எட்டு வருஷமாகச் சொல்லிவந்தவள் அவள்தான். ஆனால் அவன் 'போனால் போகிறது' என்றதும் சுருக்கென்றது. யார் வளர்த்ததை யார் போகச் சொல்வது? "சரி" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டாள். பிறகு மீன்கடைக்காரரைக் கூப்பிட்டாள், கொடுப்பதற்காக அல்ல, தொட்டியை வீடு மாற்றித் தரச் சொல்லி.

கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். முடியும், ஆனால் வரிசை தப்பக்கூடாது என்றார். முதலில் பவளம், பிறகு பாறை, தண்ணீர் முழங்கை அளவுக்கு இறங்கிய பின் மீன். பழைய தண்ணீரில் பாதிக்கு மேல் கூடவே வரவேண்டும். பழைய மணல் வேண்டாம், அடியில் நஞ்சு சேர்ந்திருக்கும். காலித் தொட்டியைத்தான் தூக்க வேண்டும். எல்லாம் ஒரே பகலில் முடிய வேண்டும். புது வீட்டில் முந்தின நாளே உப்புத்தண்ணீர் கலக்கி, ஹீட்டர் போட்டுத் தயாராக வைத்தார். சனிக்கிழமை காலை ஆறு மணி என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மிச்சச் சாமான்களையும் எடுத்துக்கொண்டு பழைய வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும். பெயிண்ட் அடிக்க ஆள் வருகிறது.

சனிக்கிழமை ஐந்தரைக்குப் போன் அடித்தது. கடைக்காரர்தான். ராத்திரியெல்லாம் இடுப்பு வலி, சிறுநீரகத்தில் கல்லாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவர் குரலே பாதிதான் வந்தது. வேறு யாராவது கிடைப்பார்களா என்று கேட்டாள். இந்த வேலை தெரிந்தவர் இன்றைக்கு யாரும் கிடைக்க மாட்டார்கள், நீங்களே செய்யலாம், நான் போனில் சொல்கிறேன் என்றார்.

"ஆனா தனியா முடியாதும்மா. தெர்மாமீட்டர் பாக்கத் தெரிஞ்ச, கை நடுங்காத ஆள் ஒருத்தர் வேணும். சூடு எறங்காத பெட்டியும் வேணும்."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே அண்ணிக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது.

சின்னு அவளுடைய நாத்தனார். வீட்டில் கடைக்குட்டி. ரத்த வங்கியில் டெக்னீஷியன். இத்தனை டிகிரிக்கு மேல் போகக்கூடாது, கீழே இறங்கக்கூடாது, எந்தப் பை யாருடையது என்று எழுதாமல் வைக்கக்கூடாது, இதெல்லாம் அவள் அன்றாடப் பிழைப்பு. ஒரு காலத்தில் அண்ணியும் அவளும் நகமும் சதையும்தான். ஒரு குடும்ப விருந்தில், உப்புப் பெறாத ஏதோ பேச்சில் ஆரம்பித்து, சின்னு நாக்கில் நரம்பில்லாமல் ஒன்றைச் சொல்லிவிட்டாள்: வீட்டில் நிம்மதி இருந்தால் அண்ணன் எதற்கு வருஷத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில் கிடக்கிறார்? முப்பது பேர் முன்னால். அன்றோடு பேச்சு நின்றது.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. அண்ணி போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே சின்னு எடுத்துவிட்டாள். இந்த நேரத்தில் அழைப்பு வந்தால் கெட்ட செய்திதான் என்று பயந்து, அண்ணனுக்கு என்ன என்று கேட்டாள். அண்ணனுக்கு ஒன்றுமில்லை, மீன்களுக்குத்தான் என்று அண்ணி சொன்னாள். கடைக்காரர் படுத்துவிட்டதையும் பெட்டி வேண்டியதையும் சொன்னாள். பிறகு சின்னு எத்தனை பெட்டி வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

ஆறே காலுக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய, தடித்த சுவர் வைத்த நீலப் பெட்டிகள் எட்டு. ஒட்டுகிற சீட்டு, அழியாத மை பேனா, இரண்டு தெர்மாமீட்டர். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. "எங்க ஆரம்பிக்கணும், அண்ணி?" என்றாள். அந்த 'அண்ணி' மட்டும் பழைய மாதிரியே இருந்தது.

வேலை அவர்களைப் பேச வைத்தது. வேறு வழியில்லை. பிடி, விடு, இன்னும் கொஞ்சம் சாய், மூடி எங்கே. முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு அண்ணி பவளங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, சின்னு தண்ணீர் நிரப்பிய டப்பாவில் வாங்கி, மூடி, சீட்டு ஒட்டி, நேரம் எழுதினாள். ஊதாக் கிளை ஒன்று அவள் கையில் முறிந்துவிட்டது. போனில் விசாரித்ததில், முறிந்ததைப் பசை போட்டு ஒட்டினால் இரண்டாக வளரும் என்றார் கடைக்காரர். நடுவில் அவர் வலியில் முனகுவதும், நர்ஸ் அவரைப் படுக்கச் சொல்லி அதட்டுவதும் கேட்டன.

கடல் சாமந்தி பாறையை விடவில்லை. இழுத்தால் கிழிந்துவிடும். பாறையோடே பெட்டிக்குள் இறக்கினார்கள். பாறைகள் தண்ணீருக்குள் மூழ்கியபடியே பெரிய பிளாஸ்டிக் டப்பாக்களில் போயின. தண்ணீர் இறங்க இறங்க மீன்களுக்கு ஓட இடமில்லாமல் போயிற்று. ஒவ்வொன்றாக வலையில் வந்தன. பதினொன்று. சின்னு இரண்டு தரம் எண்ணினாள். காவல் மீனும் வந்துவிட்டது.

இறாலைக் காணவில்லை.

மணலைச் சல்லடையில் பிடிபிடியாக அரித்தார்கள். அடி மணல் அழுகிய முட்டை மாதிரி நாறியது. அதைக் கிளறக் கிளறக் கெடுதல் என்று கடைக்காரர் தடுத்தார். வீடு மாற்றும்போது ஒன்றிரண்டு போவது சகஜம், விட்டுவிடுங்கள் என்றார். எட்டரைக்கு வண்டி வந்துவிட்டது. தூக்குகிற ஆட்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அண்ணி கடைசிப் பிடி மணலையும் அரித்துப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டாள்.

வழி நெடுக நல்ல வெயில், நல்ல நெரிசல். வண்டி ஓட்டுகிறவர் கெட்டிக்காரர், குழந்தையைத் தொட்டிலில் வைத்து ஓட்டுகிற மாதிரி ஓட்டினார். ஆனால் புது வீட்டு லிஃப்டுக்குள் ஐந்தடித் தொட்டி நுழையவில்லை. படி வழியாகத்தான் போக வேண்டும். கண்ணாடியில் உறிஞ்சிப் பிடிக்கிற கைப்பிடிகளை ஒட்டி, ஆட்கள் இரண்டு பேரும் அண்ணியும் சின்னுவும் நாலு மூலையிலுமாகத் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிதான். இரண்டாம் மாடியில் சின்னுவின் மூச்சு இரைத்தது, ஆனாலும் பிடியை விடவில்லை. மேலே வந்து, தொட்டிக்கான தாங்கியின் மேல் அதை உட்கார வைத்தபோது மணி பதினொன்றரை.

அப்போதுதான் அடுத்த தலைவலி. மட்டம் பார்க்கும் குழாயை வைத்தால் குமிழி ஒரு பக்கமாக ஓடியது. தரை சாய்வாக இருந்தது. இப்படியே நானூறு லிட்டர் நிரப்பினால் பாரம் ஒரு பக்கம் இறங்கி, கண்ணாடியின் ஒட்டு விட்டுவிடும். தொட்டியை இறக்கி, தாங்கியின் கால்களுக்குக் கெட்டி பிளாஸ்டிக் வில்லைகள் கொடுத்து, ஏற்றிப் பார்த்து, மறுபடி இறக்கி. ஆட்கள் பொறுமையாகத்தான் செய்தார்கள். நேரம்தான் பொறுக்கவில்லை.

பெட்டிகளைத் திறந்து பார்த்த சின்னு, "அண்ணி, இங்க வாங்க" என்றாள். மஞ்சள் மீன், தொட்டியிலேயே பெரியது, ஒருக்களித்துப் படுத்திருந்தது. செவுள் மட்டும் வேகவேகமாக அடித்துக்கொண்டது. அந்தப் பெட்டித் தண்ணீருக்குக் காற்று ஊதுகிற சின்ன மோட்டார் எப்போது நின்றதோ தெரியவில்லை. வேறு மோட்டார் இல்லை. கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். குவளையில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றச் சொன்னார். ஊற்றும்போது காற்று கலக்கும். நிறுத்தாமல் ஊற்ற வேண்டும்.

இரண்டு பேரும் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மொண்டு ஊற்ற, அவள் கை இறங்கும்போது அடுத்தவள் ஊற்றினாள். பின்னால் ஆட்கள் தாங்கியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிஷம் அப்படிப் போனது.

குவளையைப் பார்த்தபடியே சின்னு சொன்னாள்: "அன்னிக்கு நான் பேசினது தப்பு அண்ணி. அதுக்குக் கொஞ்ச நாள் முன்ன அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ அண்ணன் வரல. வர முடியாதுன்னு எனக்கும் தெரியும், நடுக்கடல்ல இருந்தா எப்படி வருவாரு. ஆனாலும் கோவம். அதை அவர்கிட்டக் காட்ட முடியாம உங்க மேல எறக்கிட்டேன்."

அண்ணி குவளையை வாங்கிக்கொண்டாள். தன் முறைக்கு மொண்டு ஊற்றினாள்.

"நீ சொன்னது பொய்னு நினைச்சிருந்தா அப்பவே மறந்திருப்பேன்" என்றாள் பிறகு. "நெஜமோன்னு பயந்துட்டேன். அதான் உன் மூஞ்சியப் பாக்க முடியல."

சின்னு நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. கையைத் துடைத்துக்கொள்ள வழியில்லாமல் தோளில் முகத்தைத் துடைத்தாள். "அண்ணனுக்கு இந்த வீட்ட விட்டா வேற என்ன இருக்கு அண்ணி? எனக்குத் தெரியாதா? நாந்தான் வாய்க்கு வந்தத ஒளறினேன்."

"ஊத்து, ஊத்து" என்றாள் அண்ணி. "மீன் செத்துடப் போகுது."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள். அரை மணி நேரம் கழித்து மஞ்சள் மீன் ஒரு தரம் வாலை அடித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தது. குடித்துவிட்டு வந்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நீந்தி, பெட்டிச் சுவரில் முட்டி, திரும்பி, நேரானது. அண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பின்னால் ஆட்களில் ஒருவர், "மட்டம் வந்துடுச்சு, பாருங்க" என்றார். குமிழி நடுவில் நின்றது.

அதற்குப் பிறகு ஓட்டம்தான். புது மணல், பாறைகள், பழைய தண்ணீர், அதன் மேல் புதுத் தண்ணீர். பாறைகளை எப்படி அடுக்குவது என்று கேட்கக் கடைக்காரரைக் கூப்பிட்டால் போனை நர்ஸ்தான் எடுத்தார். ஊசி போட்டுத் தூங்க வைத்திருக்கிறோம், மீனுக்கு வேறு டாக்டரைப் பாருங்கள் என்றார். பழைய மாதிரி அடுக்க அண்ணிக்கும் மனசில்லை. தனக்குப் பிடித்தபடி, நடுவில் ஒரு வாசல் விட்டு இரண்டு குன்றாக வைத்தாள். சூடும் உப்பும் சரியா என்று சின்னு மூன்று தரம் அளந்து, எழுதி, தலையாட்டிய பிறகுதான் பவளங்கள் இறங்கின. கடைசியாக மீன்கள். தண்ணீர் கலங்கலாகப் பால் மாதிரி இருந்தது. உள்ளே எது எங்கே என்று தெரியவில்லை. கலங்கல் தெளிய ஒரு நாள் ஆகும்.

ஆட்கள் போய்விட்டார்கள். சாயங்கால வெயில் ஹாலுக்குள் வந்தது. காலி அட்டைப்பெட்டி மேல் தேநீரை வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்தார்கள் இருவரும். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

டக்.

தொட்டியிலிருந்துதான். கல்லில் கண்ணாடி தெறித்த மாதிரிச் சத்தம். சின்னு எழுந்த வேகத்தில் தேநீர் கொட்டியது. விரிசல் விட்டுவிட்டது, படியில் இடித்திருக்கிறது என்று அவள் ஒட்டு ஒட்டாகக் கையால் தடவிப் பார்த்தாள். பின்னாலேயே எழுந்த அண்ணிக்கும் ஒரு நொடி உயிர் போனது. நானூறு லிட்டரும் தரையில் ஓடுவதை மனசில் பார்த்துவிட்டாள்.

டக். டக்.

இரண்டாவது தரம் கேட்டதும் அண்ணி சுவரில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். சின்னுவுக்கு ஒன்றும் புரியவில்லை. மயக்கமா என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அண்ணிக்குக் கண்ணீராக வந்தது. போன உயிர் திரும்பி வந்தவள் மாதிரி, "இறால்" என்றாள். "நம்ம இறால். ஏதோ பாறைப் பொந்துக்குள்ள புகுந்துக்கிட்டுக் கூடவே வந்திருக்கு."

சொடுக்குகிற சத்தம் அது என்று விளங்கியதும் சின்னு தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொட்டியை முறைத்தாள். முழுசாக முப்பது கிராம் எடை இருக்குமா அது என்று கேட்டாள். அவ்வளவுகூட இருக்காது என்றாள் அண்ணி. அதற்கா இத்தனை பேரை அலற வைக்கிற கை என்றாள் சின்னு. பிறகு கீழே கடைக்குப் போய் ரொட்டியும் பழமும் வாங்கி வந்தாள். அன்றைக்கு அவர்கள் சாப்பிட்ட சாப்பாடு மாதிரி எதுவும் ருசித்ததில்லை என்று அண்ணி பிற்பாடு சொல்வாள்.

மறுநாள் தண்ணீர் தெளிந்தது. பாறைகளோடு வந்த நத்தைகளில் இரண்டு செத்திருந்தன. மற்றதெல்லாம் உயிரோடிருந்தது. கடல் சாமந்தி மூன்று நாள் சுருங்கி, வேகாத மாவு உருண்டை மாதிரிக் கிடந்து பயமுறுத்திவிட்டு, நாலாம் நாள் விரிந்தது. கல் கரைந்து வீடு திரும்பிய கடைக்காரர் நேரில் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் வந்திருந்தால் மீனை இவ்வளவு ஒழுங்காகச் சீட்டு ஒட்டிக் கொண்டுவந்திருக்க மாட்டேன் என்றார்.

பத்து நாள் கழித்துக் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. கணவன் வீடியோவில் கூப்பிட்டான். புது வீட்டைக் காட்டச் சொன்னான். சமையலறை, படுக்கையறை, பால்கனி என்று வரிசையாகக் காட்டிவிட்டு, கடைசியில் அண்ணி போனை ஹால் பக்கம் திருப்பினாள்.

அவன் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று அவள் பார்த்தாள். நிற்கவில்லை. அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான்.

"நீ கடைக்குக் குடுத்துட்டேன்னு நினைச்சேன்" என்றான் கையை எடுத்துவிட்டு. "உன் தலையில இதையும் கட்ட வேண்டாம்னுதான் அப்படி எழுதினேன். எழுதிட்டு ரெண்டு நாள் சரியாத் தூங்கல."

"அதைச் சொல்றதுக்கென்ன?" என்றாள் அண்ணி. "போனாப் போகுதுன்னு எழுதினா நான் என்னன்னு நினைக்கறது?"

பாறையை ஏன் இப்படி மாற்றி அடுக்கினாய் என்று கேட்டான். என் இஷ்டம் என்றாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டான். இத்தனையும் எப்படித் தனியாகச் செய்தாய் என்றான்.

"தனியா இல்ல. உங்க தங்கச்சி செஞ்சா. இப்ப வெச்சுட்டு அவளைக் கூப்பிடுங்க. அவளுக்கு ரெண்டு வருஷமா உங்க மேலதான் கோவம், என் மேல இல்லை. திட்டினா வாங்கிக்குங்க, குறுக்கப் பேசாதீங்க."

அவன் சரி என்றான். எதற்குக் கோபம் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

போனை வைத்துவிட்டு அண்ணி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அன்று கடை விடுமுறை. பட்டப்பகலில், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில், சோபாவில் படுத்து, எழுந்திருக்க வேண்டுமே என்ற நினைப்பே இல்லாமல் தூங்கிப்போனாள்.